கவுன்டி ஜெயிலுக்குப் புதுக் கேமரா, புதுக் கதவு: இன்றைக்குக் காசு யார் தருகிறார்கள், ஆறாவது வருடம் யார் தருவார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறிய கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறீர்கள். அங்குள்ள ஜெயிலுக்குப் புதிய கேமராக்கள், உடலை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பாடி ஸ்கேனர், மின்னணுக் கதவுகள் எல்லாம் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. பணம் எங்கிருந்து வரும், சொத்து வரி ஏறுமா, கைதிகளுக்கு இவ்வளவு செலவு தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பணம் உருப்படியாகச் செலவாகுமா என்பதை, வெளியே நின்று வரி கட்டும் ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் கருவியியல் படித்து, மில்களில் கன்ட்ரோல் பேனல் வேலை பார்த்து, பிறகு இங்கே வந்தவன். பதினெட்டு வருடமாக ஜெயில்களுக்கான கதவுக் கட்டுப்பாடு, கேமரா, இன்டர்காம் ஆகியவற்றை வடிவமைத்துத் தருவதுதான் தொழில். கருவிகளைப் பற்றிச் சொல்வதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வரி, கடன் பற்றிச் சொல்வது பல கவுன்டி பட்ஜெட் கூட்டங்களில் உட்கார்ந்து கற்றது. நான் வழக்கறிஞர் இல்லை. டெக்சாஸைத் தாண்டினால் விதிகள் மாறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மூன்றாவது கேள்வி. நம் ஊர்ப் பேச்சில் ஜெயில் என்றால் தண்டனை அனுபவிக்கும் இடம். இங்கே அதற்குப் பெயர் பிரிசன், அதை நடத்துவது மாநிலமோ மத்திய அரசோ. கவுன்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கின்படி, நாடு முழுக்க உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விசாரணைக்கோ தீர்ப்புக்கோ காத்திருந்தவர்கள். பிணைத் தொகை கட்ட முடியாததால் உள்ளே இருப்பவர்கள் அதில் ஏராளம். அந்த ஜெயில்களில் 2019-ல் மட்டும் 1,200 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் தற்கொலை. வேறு எந்தத் தனிக் காரணமும் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே பாதுகாப்புக் கருவி என்றதும் தப்பி ஓடுபவனைப் பிடிப்பது மட்டும் நினைவுக்கு வரக்கூடாது. உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வருவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. காவலர்கள் அடிபடாமல் வீடு போய்ச் சேருவதும் அப்படித்தான்.

டெக்சாஸில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் வாலர் கவுன்டியில் வந்து நிற்கும். 2015 ஜூலை 10-ஆம் தேதி சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண்ணை, கார் ஓட்டும்போது சிக்னல் போடாமல் தடம் மாறினார் என்று நிறுத்தினார்கள். அது வாக்குவாதமாகி, கைதாகி, ஜெயிலில் போய் முடிந்தது. 5,000 டாலர் பிணைக்கு அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது 515 டாலர். ஜூலை 13-ஆம் தேதி காலை அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டார்கள். டெக்சாஸ் விதிப்படி காவலர் மணிக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை ஆபத்து உள்ளவர்கள் இருக்கும் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த ஜெயிலில் அப்படிப் பார்க்கவில்லை என்று மாநிலத்தின் ஜெயில் தர ஆணையம் குற்றம் சாட்டியது. போய்ப் பார்க்காமலேயே பதிவேட்டில் எழுதியதாக ஒரு காவலர் வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார் என்று குடும்பத்தின் வழக்கறிஞர் சொன்னார். 2016-ல் வழக்கு 19 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அந்தச் சமரசத்திலேயே, காவலர் சுற்று வருவதைப் பதிவு செய்யும் மின்னணு உணரிகளை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2017-ல் வந்த சாண்ட்ரா பிளாண்ட் சட்டம் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. ஆபத்தில் இருப்பவர்கள் அடைக்கப்படும் அறைகளில் சோதனை நேரத்துக்கு நடக்கிறதா என்று காட்டும் உணரியோ கேமராவோ வேண்டும் என்று விதி வந்தது. 96 படுக்கைக்கு உட்பட்ட சிறிய ஜெயில்களுக்காகக் கைதிகள் பாதுகாப்பு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு மாநிலம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. 254 கவுன்டி உள்ள மாநிலத்துக்கு அது எத்தனை ஜெயிலுக்குக் காணும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் வரும், கூடவே காசு முழுதாக வராது. மிச்சத்தைப் போட வேண்டியவர்கள் உங்கள் கவுன்டிக்காரர்கள்.

சரி, கவுன்டியில் யார் போடுவார்கள்? ஜெயிலை நடத்துபவர் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப். அவரும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்தான். ஆனால் பணப்பெட்டிச் சாவி அவரிடம் இல்லை. கவுன்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த கமிஷனர்ஸ் கோர்ட்டிடம் இருக்கிறது. பெயரில்தான் கோர்ட், உண்மையில் அது ஆட்சிக்குழு. இந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லாததால் அவர்களுடைய பெரிய வருமானம் சொத்து வரிதான். அந்த வரி இரண்டு துண்டு. ஒன்று அன்றாடச் செலவுக்கு, மற்றொன்று கடன் அடைக்க. 2019-ல் வந்த சட்டம், அன்றாடச் செலவுப் பங்கை ஆண்டுக்குப் பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் வாக்கெடுப்பு வேண்டும் என்று கட்டிப்போட்டது. கடன் அடைக்கும் பங்குக்கு அந்தக் கட்டு இல்லை. அதன் விளைவு எங்கள் தொழிலில் தினமும் தெரிகிறது. காவலர் சம்பளத்தை உயர்த்தவோ ஆள் கூட்டவோ கவுன்டி திணறுகிறது. அதே கவுன்டியால் கருவி வாங்கக் கடன் பத்திரம் போட முடிகிறது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விதி அப்படி இழுக்கிறது. இங்கே அதிகம் பயன்படுவது சர்டிபிகேட் ஆஃப் ஆப்லிகேஷன் என்ற வகைக் கடன். வாக்கெடுப்பு இல்லாமலே போடலாம். முன்கூட்டி விளம்பரம் செய்ய வேண்டும். வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். உங்கள் சொத்து வரி ஏறுமா என்ற கேள்விக்கு என் பதில்: கவுன்டி இந்த வழியில் போகிறது என்றால், சொத்து வரி ரசீதில் கடன் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

கடன் பற்றி இன்னொன்று. கேமராவும் சர்வரும் ஏழெட்டு வருடம் உழைத்தால் பெரிய விஷயம். அவற்றை இருபது வருடக் கடனில் வாங்கினால், தூக்கிப் போட்ட கேமராவுக்கு உங்கள் பிள்ளைகள் வட்டி கட்டுவார்கள். எஃகுக் கதவு, பூட்டு, குழாய், கேபிள் தடம் ஆகியவற்றுக்கு நீண்ட கடன் நியாயம். மின்னணுப் பொருளுக்கு ஆயுளை மீறிய கடன் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து மானியங்கள். மத்திய நீதித் துறையின் பைர்ன் மானியம் பழையது, நம்பகமானது. 1988-ல் நியூயார்க்கில் பணியில் இருந்தபோது கொல்லப்பட்ட எட்வர்ட் பைர்ன் என்ற இளம் காவலரின் பெயரில் வழங்குவது. சிறிய கவுன்டிகளுக்குப் பெரும்பாலும் மாநில ஆளுநர் அலுவலகம் வழியாகப் போட்டியில் கிடைக்கும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: ஏற்கெனவே ஒதுக்கிய உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கக் கூடாது. 2023-ல் வந்த மாநிலத்தின் செனட் மசோதா 22, மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள கவுன்டிகளுக்கு, அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 2,50,000 முதல் 5,00,000 டாலர் வரை தருகிறது. முதலில் ஷெரிஃபுக்கு 75,000, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டெபுடிக்கு 45,000, ஜெயில் காவலருக்கு 40,000 டாலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை எட்ட வேண்டும். மீதியில் ஆள் சேர்க்கலாம், வண்டியும் பாதுகாப்புக் கருவியும் வாங்கலாம். கிராமப்புறம் என்றால் மத்திய வேளாண் துறையிடம்கூடப் பொதுக் கட்டடங்களுக்கான கடனும் மானியமும் கேட்கலாம். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த மீட்பு நிதியில் பல கவுன்டிகள் ஜெயில் கருவிகள் வாங்கின. அதற்குக் கணக்கு ஒதுக்கும் கெடு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது, செலவழிக்க 2026 முடிவு வரை நேரம். இன்னும் அதை நம்பித் திட்டம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். வலிநிவாரணி மருந்து நிறுவனங்களுடன் ஏற்பட்ட ஓபியாய்டு சமரசப் பணத்திலும் சில இடங்களில் பாடி ஸ்கேனர் வாங்கினார்கள். அந்தப் பணம் முக்கியமாகப் போதைப் பழக்கத்தின் பாதிப்பைச் சரிசெய்வதற்கானது. ஜெயிலுக்குள் சிகிச்சை தர ஆள் இல்லாதபோது அதை எடுத்து எக்ஸ்ரே இயந்திரம் வாங்குவதை என் மனம் ஒப்பவில்லை. இது என் கருத்து, எதிர்க்கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசுப் பணம் எதுவானாலும் ஒரு நிபந்தனை கூடவே வரும். 2020 ஆகஸ்ட் முதல் ஹிக்விஷன், தாஹுவா போன்ற சில நிறுவனங்களின் கேமராக்களை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று டெண்டர் எடுத்து, பிறகு மானியத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு யாரும் போகக் கூடாது.

இன்னொரு ஊற்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஜெயிலுக்குள் நூடுல்ஸ், சோப்பு விற்கும் கடையின் லாபத்தை ஷெரிஃப் தன் பொறுப்பில் செலவிடலாம். டெக்சாஸ் சட்டம் அதைக் கைதிகளின் நலனுக்கும், ஜெயிலின் பாதுகாப்புக்கான தொழில்நுட்பத்துக்கும் பயன்படுத்த இடம் தருகிறது. பல இடங்களில் தொலைபேசி நிறுவனம் தரும் கமிஷனும் கவுன்டிக்கு வருமானம். “எங்களிடம் தொலைபேசி ஒப்பந்தம் போடுங்கள், டேப்லெட்டும் கண்காணிப்பு மென்பொருளும் இலவசம்” என்பார்கள். இலவசம் எதுவும் இல்லை, மகனோடு பேசும் தாய் நிமிடக் கணக்கில் அதற்குக் கட்டுகிறார். வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற பார்வையற்ற பாட்டி, சிறையில் இருந்த பேரனோடு பேச ஆகும் செலவு தாங்காமல் 2003-ல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். அவர் பெயர் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானபோது அவர் உயிரோடு இல்லை. அந்தச் சட்டத்தின்படி ஆணையம் 2024-ல் கட்டணத்தைக் குறைத்து, கமிஷனையும் தடை செய்து உத்தரவிட்டது. 2025-ல் தேதியைத் தள்ளிவைத்து, உச்சவரம்பையும் ஏற்றியது. ஆக இந்தக் காசு எந்நேரமும் கூடலாம், குறையலாம். ஜெயில் கேமராவின் வருடாந்திரச் செலவை இதன் தலையில் கட்டுவது மணலில் அஸ்திவாரம் போடுகிற வேலை.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். வாங்கும் பட்டியலில் கதவுக் கட்டுப்பாடு இருந்தால் தயவுசெய்து அதை எதிர்க்காதீர்கள். வெளியே தெரியாத வேலை, யாரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஜெயிலின் உயிர் அதில்தான் இருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் ஒரு தொடுதிரை. அதில் தளத்தின் வரைபடம், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சின்ன அடையாளம், திறந்தால் ஒரு நிறம், பூட்டினால் ஒரு நிறம். காவலர் தொட்டதும் பிஎல்சி என்ற சிறு கணினி, எதிர்க்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தக் கதவின் மோட்டாருக்கு மின்சாரம் விடும். இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கவே கூடாது. தீ பிடித்தால் எந்த வரிசையில் எந்தக் கதவுகள் திறக்க வேண்டும் என்பதும் அதே பெட்டிக்குள் எழுதியிருக்கும். நான் போன ஒரு ஜெயிலில் அந்தப் பெட்டி 1990-களில் வைத்தது. தயாரிப்பதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டதால், பழுதானால் இணையத்தில் பழைய கார்டு தேடி வாங்கிப் போட்டார்கள். ஒரு கதவு “பூட்டியது” என்று திரையில் காட்டும், கையால் தள்ளினால் நகரும். இரவுப் பணியில் இருந்த பெண் காவலர் அந்தக் கதவுக்கு முன் ஒரு மேசையை இழுத்துப் போட்டு வைத்திருந்தார். அந்த மேசையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேமராவில் வாங்கும் விலை சிறிய பங்குதான். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 43 ஜிபி, 30 நாளைக்கு 1.3 டிபி (டெராபைட், அதாவது 1,300 ஜிபி). 200 கேமரா என்றால் சுமார் 260 டிபி. வழக்கு வந்தால் வீடியோ வேண்டும் என்று 90 நாள் வைக்கச் சொன்னால் அது 780 டிபி ஆகிவிடும். சேமிப்புப் பெட்டி, குளிர்சாதனம், பாட்டரி, ஆண்டு மென்பொருள் உரிமம் எல்லாம் கூடவே பெருகும். அப்புறம், திரையைப் பார்க்க ஆள் வேண்டும். 24 மணி நேரமும் ஒரு நாற்காலி நிரம்பியிருக்க வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் என்றால் 4.2 பேர், விடுப்பும் பயிற்சியும் சேர்த்தால் ஐந்து பேர். ஆளுக்கு 40,000 என்றாலே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர், மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் தனி. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, இதுதான். மானியம் யானையை வாங்கித் தரும், தீனிக்கு வராது. ஆள் இல்லாவிட்டால் கேமரா நடந்துமுடிந்ததை மறுநாள் காட்டும். அதுவும் நீதிக்குத் தேவைதான். ஆனால் நடக்கிறபோது தடுக்காது. 48 கைதிக்கு ஒரு காவலர் என்ற மாநில விதியைக் கேமரா வைத்து ஈடுகட்டவும் முடியாது.

சுற்றுச் சோதனை உணரியையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். சுவரில் நாணயம் அளவுக்கு ஓர் உலோகப் பொத்தான், காவலர் கையில் குட்டைத் தடி மாதிரி ஒரு கருவி, தொட்டால் ஒரு பீப் சத்தம், நேரம் பதிவாகிவிடும். இது உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த நிமிடம் அந்தத் தடி அந்த இடத்துக்கு வந்தது. உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்ததை அது சொல்லாது. ஒரு ஜெயிலில் பொத்தான்களை நடைபாதை முனையில் பொருத்தியிருந்தார்கள். ஆறு அறைக்கு ஒரு பொத்தான், எந்த அறையையும் எட்டிப் பார்க்காமலே தொட்டுவிட்டுப் போகலாம். ஒவ்வொரு அறைக் கண்ணாடிக்கும் பக்கத்தில், முகம் கண்ணாடிக்கு வந்தால்தான் கை எட்டும் உயரத்தில் மாற்றச் சொன்னேன். பொத்தான் எண்ணிக்கை கூடியதில் செலவு கொஞ்சம்தான் ஏறியது. பொத்தானைத் தொட்ட நேரங்கள் எல்லாம் நிமிடம் பிசகாமல் ஒரே சீராக இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். மனிதர் நடந்தால் நேரம் முன்னே பின்னே ஆகும்.

பாடி ஸ்கேனர் குறைந்த அளவு எக்ஸ்ரேயில் உடலுக்குள் ஒளித்து வைத்ததைக் காட்டும். கத்தி, கைப்பேசி, விழுங்கிய பொட்டலம் ஆகியவற்றுக்கு நன்றாக உதவும். எல்லோரையும் துணி களையச் சொல்வது குறைவதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் காகிதத்தில் ஊறவைத்த போதைமருந்தோ, நகத்தளவு ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்தோ அதில் தெரியும் என்று நம்பக் கூடாது. படத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும், ஒருவரை எத்தனை முறை ஸ்கேன் செய்தோம் என்ற கதிர்வீச்சுக் கணக்கு வேண்டும். மானியத்தில் வந்த ஒரு ஸ்கேனர் இரவுப் பணியில் பயிற்சி பெற்றவர் இல்லாமல் போர்வை மூடி நின்றதை நான் பார்த்தேன். கைதிகள் அதிகம் வந்து சேருவதே இரவில்தான். இதயத் துடிப்பைக் காட்டும் கைப்பட்டை, சண்டையை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஏஐ கேமரா என்று இப்போது விற்கிறார்களே, அவை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு விற்பவர்களின் சொல்லைத் தாண்டிய வலுவான சான்று இன்னும் சேரவில்லை. பொய் அலாரம் அதிகமானால் காவலர்கள் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், உண்மை அலாரமும் அதோடு போகும். கவுன்டி இவற்றை வாங்குவதாக இருந்தால் ஒரு பிரிவில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கட்டும். கைப்பேசிகளைச் செயலிழக்கச் செய்யும் ஜாமர் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால், மத்தியச் சட்டப்படி கவுன்டிக்கு அந்த உரிமை கிடையாது.

பெரும்பாலான டெக்சாஸ் கவுன்டிகளின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும், பட்ஜெட் விசாரணைக் கூட்டம் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். போவதற்கு முன் ஜெயில் தர ஆணையம் உங்கள் ஜெயிலைக் கடைசியாகச் சோதித்த அறிக்கையை வாங்கிப் படியுங்கள், அது பொது ஆவணம். அதில் எழுதிய குறை கதவு, சுற்றுச் சோதனை, ஆள் பற்றாக்குறை பற்றியதாக இருந்து, வாங்கும் பட்டியலில் முதலில் ஏஐ கேமரா இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் விலையில் சேர்ந்திருக்கிறதா, ஆறாவது வருடம் அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும், இந்தக் கருவிக்காகப் புதிதாக எத்தனை ஆள், வீடியோ எத்தனை நாள் இருக்கும், நிறுவனம் மாறினால் கதவுப் பெட்டியின் புரோகிராமும் கடவுச்சொல்லும் கவுன்டியின் கையில் இருக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அறையில் ஒரு நிமிடம் பேச்சு நின்றால், ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்று அர்த்தம். கையெழுத்தாவதற்கு முன்பு என்றால் அதைச் சேர்க்கச் செலவே இல்லை.